உட்கார்ந்துவிடும் ஹைட்ராலிக் சஸ்பென்ஷன்: காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

ஓடும்போது சொகுசாக மிதந்து வந்த வண்டி, நிறுத்திய கொஞ்ச நேரத்தில் தரையோடு தரையாக உட்கார்ந்துவிடுகிறது. இதைப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் ஸ்பியர்களைத்தான் (கேஸும் ஆயிலும் அடங்கிய உலோக உருண்டைகளை) மாற்றுகிறார்கள். பணம் செலவாகும், வண்டி முன்பைவிட மெத்தென்று ஓடும், ஆனால் மறுநாள் காலையில் அதேபோல் உட்கார்ந்திருக்கும். கேஸ் போனால் வண்டி கட்டையாகக் குலுக்கும். ஆயில் போனால் வண்டி உட்காரும். இவை இரண்டும் வேறுவேறு கோளாறுகள். உட்காரும் வண்டியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உள்ளே இருந்த ஆயில் எந்த வழியாக வெளியே போகிறது?

இந்த வழிகாட்டி முக்கியமாக பிரெஞ்சு கார் நிறுவனமான சிட்ரோயனின் ஹைட்ரோநியூமாட்டிக் (ஆயிலும் கேஸும் சேர்ந்து வண்டியைத் தாங்கும்) சஸ்பென்ஷனைப் பற்றியது. 1954-ல் டிராக்ஷன் அவான் 15 சிக்ஸ் எச் காரின் பின்பக்கத்தில் மட்டும் வந்து, 1955-ல் டி.எஸ். காரின் நான்கு சக்கரங்களுக்கும் பரவிய அமைப்பு இது. ஜி.எஸ்., சி.எக்ஸ்., பி.எக்ஸ்., எக்ஸ்.எம்., சாண்டியா என்று தொடர்ந்து, சி5 வரை வந்தது. கீழே சொல்லும் அழுத்த அளவுகளும் படிகளும் பி.எக்ஸ்., சாண்டியா காலத்து வண்டிகளை மனதில் வைத்து எழுதியவை. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை நிமிர்த்தி வைத்திருப்பது எது?

ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சிலிண்டர், அதற்குள் ஒரு பிஸ்டன், சிலிண்டரின் தலையில் ஒரு ஸ்பியர். ஸ்பியருக்குள் நடுவில் ஒரு ரப்பர் டயஃப்ரம் (சவ்வு). அதன் ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் ஆயில். நைட்ரஜன்தான் ஸ்பிரிங். பிஸ்டனுக்கும் டயஃப்ரத்துக்கும் நடுவே எவ்வளவு ஆயில் இருக்கிறது என்பதுதான் வண்டியின் உயரம்.

அந்த ஆயிலின் அளவைப் பார்த்துக்கொள்வது ஹைட் கரெக்டர், அதாவது உயரத்தைச் சரிசெய்யும் வால்வு. முன் ஆக்ஸிலுக்கு ஒன்று, பின் ஆக்ஸிலுக்கு ஒன்று. ஆன்டி-ரோல் பாரோடு (வண்டி பக்கவாட்டில் சாயாமல் இருக்க இடது வலது சக்கரங்களை இணைக்கும் தண்டோடு) ஒரு கம்பியால் இணைந்திருக்கும். வண்டி தாழ்ந்தால் பிரதான லைனிலிருந்து ஆயிலை உள்ளே விடும். உயர்ந்தால் ஆயில் டேங்குக்குத் திருப்பிவிடும். சரியான உயரத்தில் இரண்டு வழியையும் மூடிவிடும். பிரதான லைனுக்கு அழுத்தம் தருவது என்ஜினில் ஓடும் பம்ப். அழுத்தம் சுமார் 170 பாரை (பார் என்பது அழுத்தத்தின் அலகு) எட்டியதும் பிரஷர் ரெகுலேட்டர் பம்பின் ஆயிலை டேங்குக்கே திருப்பும். சுமார் 145 பாருக்கு இறங்கியதும் மறுபடி லைனுக்குள் விடும். இடையில் கொஞ்சம் அழுத்தத்தைச் சேமித்து வைக்க ரெகுலேட்டரிலேயே ஒரு அக்யுமுலேட்டர் ஸ்பியர் இருக்கும்.

இனி கேஸ் குறைந்த ஸ்பியரை யோசித்துப் பாருங்கள். வண்டியின் எடை மாறவில்லை, அதனால் உள்ளே இருக்கும் அழுத்தமும் மாறாது. மிச்சமிருக்கும் கேஸ் குறைந்த இடத்தில் சுருங்கிக்கொள்ளும், காலியான இடத்தைக் கரெக்டர் ஆயிலால் நிரப்பிவிடும். உயரம் அப்படியே இருக்கும். குலுக்கல் மட்டும் கூடும். டயஃப்ரம் கிழிந்துபோன ஸ்பியரோடுகூட வண்டி சரியான உயரத்தில் நிற்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் முதுகெலும்பு வலிக்கும், அவ்வளவுதான்.

எவ்வளவு ஆயில் போனால் வண்டி இறங்கும்? 35 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு சுமார் 9.6 சதுர செ.மீ. அதாவது 10 மில்லி ஆயில் போனால் பிஸ்டன் சுமார் 1 செ.மீ. இறங்கும். பின்பக்கத்தில் சக்கரம் ஒரு நீண்ட கையின் முனையில் இருப்பதால், பிஸ்டன் 1 செ.மீ. நகர்ந்தாலே சக்கரம் பல செ.மீ. நகர்ந்துவிடும். இரண்டு டீஸ்பூன் ஆயில் வழி தவறிப் போனாலே வண்டி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இறங்கும் என்று புரிகிறதா? டேங்கின் அளவைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

எந்த அளவுக்கு இறங்குவது இயல்பு?

இந்த அமைப்பில் பிஸ்டனும் சிலிண்டரும், கரெக்டரின் வால்வும் அதன் துளையும், உலோகத்தோடு உலோகம் உரசுகிற மாதிரி மைக்ரான் கணக்கில் பொருத்தப்பட்டவை. அந்த இடைவெளியில் கொஞ்சம் ஆயில் கசிவது வடிவமைப்பிலேயே இருக்கிறது. உராய்வைக் குறைப்பதும் அதுதான். ஆகவே பழைய மாடல்கள் ராத்திரி முழுக்க நின்றால் காலையில் தாழ்ந்திருப்பது கோளாறே இல்லை. ஓடி வந்த வண்டி நின்றதும், சூடான கேஸ் ஆறிச் சுருங்குவதாலும் சிறிது இறங்கும். அதையும் கசிவு என்று எண்ணிவிட வேண்டாம்.

நிறுத்திப் பத்து இருபது நிமிடத்துக்குள் முழுவதும் உட்கார்ந்தால் தேட வேண்டும். என்ஜின் ஓடும்போதே இறங்கினாலோ, எழும்ப மறுத்தாலோ உடனே தேட வேண்டும். 1990-களின் நடுவில் வந்த எக்ஸ்.எம்., சாண்டியா வண்டிகளில் ஆன்டி-சிங்க் வால்வு சேர்த்தார்கள். என்ஜின் நின்று பிரதான லைனின் அழுத்தம் இறங்கியதும் சஸ்பென்ஷனைக் கரெக்டரிலிருந்து பிரித்துப் பூட்டிவிடும் வால்வு அது. அப்படிப்பட்ட வண்டி ஒரே ராத்திரியில் உட்கார்ந்தால் அது கோளாறுதான்.

கைவைக்கும் முன்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

வண்டியை உயர்த்தும் நெம்புகோலை மேலே வைத்து, அது தூக்கி நிற்பதை நம்பி ஒருபோதும் கீழே போகாதீர்கள். ஒரு பைப் விட்டால், ஒரு ஹோஸ் கழன்றால், ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள உடல் ஒரு நொடியில் இறங்கும். பாடியைத் தாங்கும்படி, உறுதியான தரையில், மேனுவல் காட்டும் இடத்தில் ஜாக் ஸ்டாண்டுகள் வைத்த பிறகுதான் உடம்பின் எந்தப் பகுதியும் வண்டிக்குக் கீழே போகலாம். சக்கர வளைவுக்குள் கையை விடுவதும் கீழே போவதுதான்.

அடுத்தது அழுத்தம். 170 பார் ஆயில் ஊசித்துளை வழியாகப் பாய்ந்தால் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் ஆரம்பத்தில் அதிகம் இருக்காது. ஆனால் விரலையே இழக்கவைக்கும் காயம் அது. கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். பாய்ந்துவிட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். உயர் அழுத்தத்தில் ஆயில் தோலுக்குள் போய்விட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

படி 1: அளந்து எழுதி வையுங்கள்

சமதளத்தில் நிறுத்தி, நெம்புகோலை இயல்பு நிலையில் வைத்து, வண்டி நிலைகொண்டதும் நான்கு சக்கர வளைவுகளின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். என்ஜினை நிறுத்துங்கள். கதவைத் திறக்காமல், யாரும் ஏறி இறங்காமல், 15 நிமிடம் கழித்து, ஒரு மணி நேரம் கழித்து, மறுநாள் காலையில் என்று மறுபடி அளக்க வேண்டும்.

இந்த அளவுகளிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரு ஆக்ஸில் மட்டும் இறங்கியிருந்தால், அந்த ஆக்ஸிலின் கரெக்டர், சிலிண்டர், பைப், ஆன்டி-சிங்க் வால்வு ஆகியவற்றுக்குள் தேடல் பெரும்பாலும் சுருங்கிவிடும் (ஒரு விதிவிலக்கு படி 5-ல் வரும்). முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் இறங்கினால் பிரதான லைனோடு இணைந்த பொதுவான பகுதியைச் சந்தேகிக்க வேண்டும்: ரெகுலேட்டர், பாதுகாப்பு வால்வு, பிரேக் வால்வு, ஸ்டியரிங்.

ஒரே ஆக்ஸிலில் இடப்பக்கம் மட்டும் தாழ்ந்து வலப்பக்கம் சரியாக இருந்தால்? ஹைட்ராலிக்கைக் குற்றம் சொல்லாதீர்கள். இரண்டு சிலிண்டர்களும் பைப் வழியே ஒன்றோடொன்று இணைந்தவை. ஆயில் குறைந்தால் இரண்டும் சேர்ந்துதான் இறங்கும். ஆன்டி-ரோல் பார், அதன் இணைப்புகள், பின் கையின் பேரிங் ஆகியவற்றைப் பாருங்கள். பின் சக்கரங்களின் தலை உள்பக்கம் சாய்ந்திருந்தால் பேரிங் போய்விட்டது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

படி 2: டேங்க்

ஆயில் அளவை என்ஜின் ஓடும்போது, நெம்புகோலை உச்ச நிலையில் வைத்து, வண்டி முழுவதும் எழும்பிய பிறகுதான் பார்க்க வேண்டும். உட்கார்ந்த வண்டியில் சஸ்பென்ஷனின் ஆயில் டேங்குக்கே வந்திருப்பதால் அளவு அதிகமாகக் காட்டும். காட்டியின் மிதவை இரண்டு சிவப்புக் கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும்.

நிறமும் முக்கியம். 1966-க்குப் பிந்தைய அமைப்புகளில் பச்சை நிற எல்.எச்.எம். மினரல் ஆயில், அதற்கு முந்தைய டி.எஸ். கார்களில் சிவப்பு நிற எல்.எச்.எஸ்.; சி5-ல் ஆரஞ்சு நிற எல்.டி.எஸ். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றக் கூடாது. எல்.எச்.எம். டேங்கில் சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றினால் எல்லா ரப்பரும் வீங்கிப்போகும், பிறகு இந்த வழிகாட்டியால் எந்தப் பயனும் இல்லை. பச்சை மங்கிப் பழுப்பாகியிருந்தால் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

நுரை தெரிகிறதா? பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸின் முனைகளைப் பாருங்கள். கிளாம்ப் தளர்ந்திருக்கும், அல்லது ரப்பர் இறுகி வெடித்திருக்கும். இங்கே ஆயில் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் தரையில் தடயமே இருக்காது. வண்டி மெதுவாக எழும்புவதற்கும் பம்ப் கரகரப்பதற்கும் இதுவே காரணமாக இருப்பது உண்டு. டேங்குக்குள் இருக்கும் வலை ஃபில்டர்களையும் கழற்றிப் பெட்ரோலில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

படி 3: வெளியே கசிகிறதா?

அடிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, வண்டிக்குக் கீழே பெரிய அட்டையை விரித்து, என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள். பச்சைச் சொட்டு எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

விழுந்த இடத்தைவிட அது எந்த வகைக் கசிவு என்பதுதான் பெரிய விஷயம். சிலிண்டரில் இயல்பாகக் கசியும் ஆயிலைத் தூசிக்கவசத்தில் சேகரித்து, மெல்லிய ரப்பர் ரிட்டர்ன் ஹோஸ்கள் வழியாக டேங்குக்கு அனுப்புகிறார்கள். இந்த ஹோஸ்களில் அழுத்தமே கிடையாது. வருடங்கள் போகப்போக இவை காய்ந்து வெடித்து, பிளவு வழியாக ஆயில் வழியும். தரை நனையும், டேங்க் குறையும், ஆனால் வண்டி உட்காருவதற்கு இது காரணம் அல்ல. சாண்டியாவின் முன்பக்கத்தில் பல கிளைகளோடு இருக்கும் ரப்பர் ரிட்டர்ன் கூட்டு இந்த விதத்தில் அடிக்கடி போகும். அதன் கிளைகளை லேசாக மடக்கிப் பார்த்தாலே வெடிப்பு வாய் பிளக்கும்.

உயர் அழுத்தக் கசிவு ஸ்டீல் பைப்பில் வரும். 3.5, 4.5, 6.35 மி.மீ. விட்டங்களில் பைப்புகள் இருக்கும். அடிப்பக்கம் வழியாகப் பின்னால் போகும் பகுதியில், குறிப்பாகப் பின் சப்ஃபிரேமுக்கு மேலே சேறு தங்கும் இடத்தில், துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் பிடிப்பானுக்குள் பைப் மறைந்திருக்கும் இடங்களைத் திறந்து பாருங்கள். வெளியே பளபளப்பாக இருக்கும் பைப் அதற்குள் பொரிந்துபோயிருக்கும்.

படி 4: ‘டிக்’ சத்தத்தைக் கேளுங்கள்

என்ஜினை ஐட்லிங்கில் விட்டு, வண்டி எழும்பி நிலைகொண்டதும், ஸ்டியரிங், பிரேக் எதையும் தொடாமல் ரெகுலேட்டர் பக்கம் காதைக் கொடுங்கள். அழுத்தம் எட்டும்போதும் இறங்கும்போதும் ‘டிக்’ என்று கேட்கும். இடைவெளி அரை நிமிடமோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. சில வினாடிக்கு ஒருமுறை அடித்துக்கொண்டே இருந்தால், ஒன்று அக்யுமுலேட்டரில் கேஸ் இல்லை, அல்லது உள்ளே பெரிய கசிவு இருக்கிறது.

இரண்டையும் பிரிக்க, நெம்புகோலைக் கீழ் நிலைக்குக் கொண்டுபோங்கள். வண்டி இறங்கி முடிந்ததும் மறுபடி இடைவெளியைக் கேளுங்கள். இப்போது நன்றாக நீண்டுவிட்டால் கசிவு சஸ்பென்ஷன் பக்கத்தில் இருக்கிறது. எந்த நிலையிலும் அதே பதற்றமான ‘டிக் டிக்’ என்றால் அக்யுமுலேட்டரை மாற்றிவிட்டுப் பரிசோதனையைத் தொடருங்கள். மொத்தத்தில் அதிகம் உழைக்கிற ஸ்பியர் அதுதான். விலை குறைவு, மாற்றுவதும் சுலபம்.

‘டிக்’ சத்தமே வராமல் பம்ப் விடாமல் உழைத்தால், லைன் 170 பாரை எட்டவே இல்லை என்று பொருள். முதலில் ரெகுலேட்டரின் பிளீட் ஸ்க்ரூ (லைனின் அழுத்தத்தை இறக்கிவிடும் ஸ்க்ரூ) முழுவதும் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். முன்பு யாரோ வேலை பார்த்துவிட்டுச் சரியாக மூடாமல் விட்டிருப்பது அபூர்வம் இல்லை.

படி 5: ரிட்டர்ன் ஹோஸ் பரிசோதனை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைச் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். வெளியே சொட்டாத ஆயில் ஏதோ ஒரு ரிட்டர்ன் ஹோஸ் வழியாக டேங்குக்குத்தான் திரும்புகிறது. அதை வழியிலேயே பிடித்துவிட்டால் குற்றவாளி கையில்.

டேங்குக்கு வரும் ரிட்டர்ன் ஹோஸ்களை மேனுவலின் படத்தோடு ஒப்பிட்டு, எது எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றிலும் துணி டேப்பில் எழுதி ஒட்டுங்கள். ஹோஸ் ஒவ்வொன்றாகக் கழற்றி, அளவுகோடு உள்ள தெளிவான பாட்டிலில் விடுங்கள். டேங்கில் திறந்த வாயை மூடிவிடுங்கள். சில மாடல்களில் இரண்டு மூன்று ரிட்டர்ன்கள் வழியில் ஒன்றாகச் சேர்ந்து வரும். அங்கே இணைப்புக்கு முன்னாலேயே பிரித்துப் பிடிக்க வேண்டும்.

முதல் சுற்று, என்ஜின் ஐட்லிங்கில், வண்டி இயல்பு உயரத்தில். கரெக்டர் நடுநிலைக்கு வர அரை நிமிடம் பொறுத்திருந்து, பிறகு ஐந்து நிமிடம் பிடியுங்கள். ரெகுலேட்டரின் ரிட்டர்னில் மட்டும் ஆயில் ஓடுவது இயல்பு. பம்ப் ஓய்வில் இருக்கும்போது அதன் ஆயில் முழுக்க அந்த வழியாகத்தான் திரும்பும். மற்றவற்றில் சொட்டுச் சொட்டாக வரலாம். நூல் பிடித்தாற்போல் ஒழுகினால் அந்தப் பாகத்தில் தேய்மானம் இருக்கிறது.

இரண்டாவது சுற்று, என்ஜினை நிறுத்திய பிறகு. வண்டி உட்காரும் நேரத்திலேயே அளக்கிறோம் என்பதால் இதுதான் முக்கியமானது. ரெகுலேட்டர் ரிட்டர்னிலும் இப்போது ஒழுக்கு நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் பிளீட் ஸ்க்ரூவோ உள்ளே இருக்கும் வால்வோ அழுத்தத்தை விட்டுக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, அனுபவமுள்ள மெக்கானிக்கையும் சுற்றலில் விடும் விஷயம். வண்டி கொஞ்சம் இறங்கியதும் கரெக்டர் தன் கடமையைச் செய்ய, பிரதான லைனுக்கான வழியைத் திறக்கும். லைனில் அழுத்தம் இருக்கும்வரை அக்யுமுலேட்டர் வண்டியைத் தாங்கும். லைனின் அழுத்தம் சஸ்பென்ஷனின் அழுத்தத்துக்குக் கீழே போய்விட்டால், திறந்திருக்கும் அதே வழியாக ஆயில் பின்னோக்கி ஓடத் தொடங்கும். பிறகு பிரேக் வால்விலோ ஸ்டியரிங்கிலோ இருக்கும் சின்னக் கசிவு வழியாக டேங்குக்குப் போய்விடும். ஆக, பின்பக்கம் உட்காரும் வண்டியில் ஆயில் ஒழுகும் இடம் ஸ்டியரிங்காகக்கூட இருக்கலாம்! கரெக்டரை மாற்றியும் தீராத வண்டிகளின் கதை பெரும்பாலும் இதுதான். ஆன்டி-சிங்க் வால்வைக் கண்டுபிடித்ததே இந்தப் பின்னோட்டத்தைத் தடுக்கத்தான்.

பிடித்த ஆயிலை இறங்கிய உயரத்தோடு ஒப்பிடுங்கள். மேலே சொன்ன கணக்கில், ஒரு ஆக்ஸிலின் இரண்டு பிஸ்டன்களும் 1 செ.மீ. இறங்க மொத்தம் சுமார் 20 மில்லி போக வேண்டும். பாட்டிலில் 3 மில்லிதான் இருக்கிறது, வண்டியோ முழுவதும் உட்கார்ந்துவிட்டது என்றால், உண்மையான வழியை நீங்கள் இன்னும் பிடிக்கவில்லை.

படி 6: கரெக்டரின் கம்பி

கரெக்டரைக் குற்றம் சொல்லும் முன் அதை ஆட்டும் கம்பியைப் பாருங்கள். அதன் பந்து இணைப்புகள் அடிப்பக்கத்தில் சேற்றிலும் தண்ணீரிலும் கிடந்து இறுகிவிடும். இறுகினால் கரெக்டர் நடுநிலைக்கு வராமல், ஒரு வழி சிறிது திறந்தபடியே நிற்கும். அறிகுறி எளிது: நெம்புகோலை மேலே கொண்டுபோய் இயல்புக்குத் திருப்பினால் ஒரு உயரம், கீழே கொண்டுபோய்த் திருப்பினால் இன்னொரு உயரம். சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து, கையால் தடையில்லாமல் ஆடுகிற அளவுக்குக் கொண்டுவாருங்கள். உட்காரும் வண்டிகள் சில இந்த ஒரு வேலையிலேயே நிமிர்ந்துவிடும். செலவு கொஞ்சம் கிரீஸ் மட்டும்தான்.

சரிசெய்தல்: முதலில் அழுத்தத்தை இறக்குங்கள்

என்ஜின் ஓடும்போதே நெம்புகோலைக் கீழ் நிலையில் வைத்து, வண்டி முழுவதும் இறங்கும்வரை காத்திருங்கள். ஆன்டி-சிங்க் வால்வு உள்ள வண்டியில் என்ஜினை முதலில் நிறுத்திவிட்டால் ஆயில் உள்ளேயே பூட்டிக்கொள்ளும். அதனால்தான் இந்த வரிசை. பிறகு என்ஜினை நிறுத்தி, ரெகுலேட்டரின் பிளீட் ஸ்க்ரூவை ஒன்றிலிருந்து ஒன்றரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். ஆயில் டேங்குக்குத் திரும்பும் ‘உஸ்’ சத்தம் கேட்கும். முழுவதும் கழற்றிவிட்டால் அதன் அடியில் இருக்கும் சின்ன ஸ்டீல் பந்து எங்காவது உருண்டு போய்விடும். இதற்குப் பிறகு பாடியை ஸ்டாண்டில் தாங்கி, சக்கரங்களைத் தொங்கவிட்டு வேலையைத் தொடங்கலாம். வண்டி உட்காரும் உயரத்தை முன்கூட்டியே யோசித்து, ஜாக் உள்ளே போகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீல் பைப்: துருவேறிய துண்டை வெட்டி, அதே விட்டத்தில், இந்த அழுத்தத்துக்கு ஏற்ற பைப்பைப் போடுங்கள். நடுவில் ரப்பர் ஹோஸ் வைத்துக் கிளாம்ப் போடுவது தற்கொலைக்குச் சமம். பல மாடல்களில் பிரேக்கும் இதே ஆயிலில்தான் ஓடுகிறது. பைப் முனையில் இருக்கும் சின்ன ரப்பர் சீலை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிதாகப் போட வேண்டும். பைப்பின் நுனி சீலைத் தாண்டி வெளியே நீண்டிருக்க வேண்டும். நுனி துளையின் அடியில் நேராக உட்கார்ந்த பிறகு நட்டைக் கையால் முறுக்கி, கடைசியில் ஸ்பேனரால் மிதமாக இறுக்குங்கள். இங்கே அடைப்பது ரப்பர்தான், நீங்கள் போடும் பலம் அல்ல. பலம் கூடினால் பைப் நசுங்கும்.

கரெக்டர்: உள்ளே இருக்கும் வால்வு தேய்ந்துவிட்டால் எந்த சீல் செட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். அழுக்கால் சிக்கியிருந்தால் புதிய எல்.எச்.எம். ஆயிலிலேயே கழுவுங்கள். உப்புத்தாள், பஞ்சு இரண்டும் அதன் அருகில்கூட வரக்கூடாது. கரெக்டரின் இரண்டு முனைகளில் இருக்கும் ரப்பர் டயஃப்ரங்களுக்குள் ஆயில் நிறைந்திருக்கும். சின்னப் பள்ளங்களுக்கெல்லாம் கரெக்டர் துள்ளாமல் சில வினாடி தாமதித்து வேலை செய்வது அதனால்தான். ஓடும்போது வண்டி ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயரத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் அந்த ரப்பர் போய்விட்டது.

ஆயில் மிகவும் அழுக்காக இருந்தால், பாகத்தை மாற்றும் முன் இந்த அமைப்புக்கென்றே வரும் கழுவும் திரவத்தை ஊற்றி, டப்பாவில் சொன்ன தூரம் ஓட்டி, பிறகு புது எல்.எச்.எம். நிரப்பிப் பாருங்கள். வால்வில் படிந்த பிசின் கரைந்தாலே கசிவு குறைவது உண்டு.

ஆன்டி-சிங்க் வால்வு: சிக்கிய வால்வு இரண்டு விதமாகத் தொல்லை தரும். மூடாவிட்டால் வண்டி உட்காரும்; திறக்காவிட்டால் அந்த ஆக்ஸில் எழும்பாது. அழுக்குதான் வழக்கமான காரணம். புது ஆயிலோடு பலமுறை ஏற்றி இறக்கியும் மாறாவிட்டால் வால்வை மாற்றுங்கள்.

சிலிண்டர்: ரிட்டர்ன் பரிசோதனையில் சிலிண்டரின் ஹோஸில் நிறைய வந்தால், பிஸ்டன் தண்டைத் துடைத்துப் பாருங்கள். துருப்புள்ளியோ நீளக் கோடோ விரல் நகத்தில் தட்டுப்பட்டால் சிலிண்டரை மாற்றுவதே வழி. தூசிக்கவசம் கிழிந்து மண் உள்ளே போனதுதான் பெரும்பாலும் தொடக்கம். புதிய சிலிண்டரோடு புதிய கவசமும் கட்டாயம்.

ஸ்பியர்: உட்காருவதற்குக் காரணம் இல்லை என்றாலும், அழுத்தம் இறங்கிய நேரத்தில் மாற்றிவிடலாம் என்று நினைத்தால் நல்ல யோசனைதான். பெல்ட் ரெஞ்சால் தளர்த்தி, பழைய சீல் ரிங் இருக்கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். புதிய ரிங்கை ஆயிலில் நனைத்து வைத்து, ஸ்பியரைக் கையால் மட்டும் இறுக்குங்கள். முன், பின், அக்யுமுலேட்டர் மூன்றும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும், கேஸ் அழுத்தமும் நடுத்துளையும் வேறு. எண்ணைப் பார்த்துப் பொருத்துங்கள்.

மறுபடி உயிர்கொடுத்தல்

டேங்கை நிரப்பி, பிளீட் ஸ்க்ரூ திறந்திருக்கும்போதே என்ஜினை ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். பம்பில் இருக்கும் காற்று வெளியேறும். ஸ்க்ரூவை மூடியதும் சிறிது நேரத்தில் அழுத்த எச்சரிக்கை விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் என்ஜினை வேகப்படுத்தாமல் நிறுத்தி, உறிஞ்சும் ஹோஸில் ஆயில் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் நெம்புகோலை உச்சத்துக்கும் கீழுக்குமாக நாலைந்து முறை மாற்றி, ஒவ்வொரு முறையும் வண்டி ஏறி இறங்கி முடியும்வரை பொறுத்திருங்கள். சஸ்பென்ஷனில் இருக்கும் காற்று தானாகவே டேங்குக்குப் போய்விடும். பிரேக் லைனைத் திறந்திருந்தால் அதை மட்டும் தனியாகக் காற்று நீக்க வேண்டும். அதைச் செய்யாமல் சாலையில் இறக்காதீர்கள்.

உயரத்தைச் சரிபார்க்கும் முறையும் கவனிக்கத் தக்கது. வண்டியைக் கையால் தூக்கி விட்டுவிட்டு, நிலைகொண்டதும் அளக்க வேண்டும். பிறகு கையால் அழுத்தி விட்டுவிட்டு மறுபடி அளக்க வேண்டும். இரண்டின் சராசரிதான் உண்மையான உயரம். மேனுவலின் அளவோடு பொருந்தாவிட்டால் ஆன்டி-ரோல் பாரில் இருக்கும் கரெக்டர் கிளாம்பைத் தளர்த்திக் கொஞ்சம் திருப்பி இறுக்குங்கள். முன்பக்கத்தை மாற்றினால் பின்பக்கமும் சற்று மாறும், அதனால் இரண்டையும் மாறிமாறிப் பார்க்க வேண்டியிருக்கும்.

மற்ற அமைப்புகள்

சி5-ல் உயரத்தை மின்னணு முறையில் அளந்து மின்வால்வுகளால் கட்டுப்படுத்துகிறார்கள், பிரேக் தனியாகிவிட்டது. அங்கே டயக்னாஸ்டிக் கருவியில் உயர சென்சாரின் அளவைப் பார்ப்பதுதான் முதல் படி. மெர்சிடிஸ் 1999-ல் கொண்டுவந்த ஆக்டிவ் பாடி கன்ட்ரோல் அமைப்பில் ஒரு மூலை மட்டும் உட்காருவது உண்டு, ஏனென்றால் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனி. வால்வு பிளாக்கின் சீல்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் ஹைட்ரோலாஸ்டிக், ஹைட்ராகேஸ் அமைப்புகளில் பம்ப்பே இல்லை. மூடிய அமைப்பு என்பதால் உட்கார்ந்தால் பெரும்பாலும் திரவம் எங்கோ வெளியேறிவிட்டது என்று பொருள்; ஹைட்ராகேஸில் கேஸ் குறைந்தாலும் வண்டி இறங்கும். கசிவை அடைத்து, அதற்கான பம்பால் மறுபடி அழுத்தம் ஏற்ற வேண்டும்.

வேலை முடிந்த ராத்திரி படி 1-ல் அளந்த அதே இடங்களில், அதே நேர இடைவெளியில் மறுபடி அளந்து பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு டேங்கின் அளவையும், புதிதாகப் போட்ட ஒவ்வொரு பைப் இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பச்சை ஒட்டினால் அந்த சீல் சரியாக உட்காரவில்லை, அழுத்தத்தை இறக்கிப் புது சீல் போடுங்கள்.